வாங்கண்ணா, உங்க தங்கச்சிதான் பேசறேன்

கண்ணாடிக் கடையில் அவளுக்கு டிகிரி என்று பேர். வைத்தவர் முதலாளி. வேலைக்குச் சேர்ந்த அன்று சான்றிதழை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கள்ள நோட்டைப் பார்ப்பதுபோல் முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, "அப்பா மூட்டை தூக்கறாரு, பொண்ணு டிகிரி முடிச்சிருக்கா. பலே" என்றார். பாராட்டா பரிகாசமா என்று அவருக்கே தெரிந்திருக்காது. அன்றிலிருந்து "டிகிரி, இவருக்கு பவர் பாரு", "டிகிரி, அந்த ஃப்ரேமைத் துடை", "டிகிரி, டீ சொல்லு" என்று ஆகிவிட்டது. ஒளி எப்படி வளைகிறது என்று கல்லூரியில் பக்கம் பக்கமாக எழுதித் தேறியவள், கடைசியில் அந்த ஒளியை வைத்துச் செய்த வேலை இதுதான்: வருகிறவர்கள் மூக்கில் சோதனைச் சட்டத்தை மாட்டி, ஒவ்வொரு லென்ஸாகப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்பது.

கடையில் இப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று வீட்டில் அவள் சொல்லவில்லை. சொன்னால் அப்பா சந்தோஷப்பட்டுவிடுவாரோ என்று பயம்.

பேஜ்காரன் அந்தக் கடைக்குள் நுழைந்தது ஈ ஓட்டும் ஒரு மத்தியானம். கடைகளுக்கு சமூக வலைத்தளத்தில் பக்கம் திறந்து கொடுப்பது, படம் போடுவது, விளம்பரம் ஏற்றுவது, இதுதான் அவன் தொழில். தோளில் லேப்டாப் பை, காலில் பளபளவென்று ஷூ. முதலாளியின் மேஜைமேல் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு அளந்தான்.

"ஒருத்தர் உங்க பேஜை ஃபாலோ பண்ணின அடுத்த நொடி வரவேற்பு மெசேஜ் அவருக்குத் தானா போயிடும் சார். ஆள் வேண்டாம். அது சம்பளம் கேக்காது. லீவு கேக்காது."

முதலாளி கழுத்தைத் திருப்பினார். "டிகிரி, காதுல விழுந்துச்சா? லீவு கேக்காதாம்."

"எங்க, என்ன பேசும்னு காட்டச் சொல்லுங்க" என்றாள் அவள்.

அவன் திரையைத் திருப்பினான். எமது பக்கத்திற்குத் தங்களை வருக வருக என வரவேற்பதில் மட்டற்ற மகிழ்ச்சி அடைகிறோம்.

"இது யாரு எழுதினது?"

"நான்தான். ஏன்?"

"கல்லுல வெட்டி நட்டு வைக்கலாம். கடைக்கு ஆளு வராது."

முதலாளி வாய்விட்டுச் சிரித்தார். பேஜ்காரனும் சிரித்தான். கோபப்படாமல் சிரித்தானே, அங்கேதான் அவள் விழுந்தது. "அப்ப நீங்களே எழுதுங்க பார்ப்போம்" என்று லேப்டாப்பை அவள் பக்கம் தள்ளினான். துடைத்துக்கொண்டிருந்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, நின்றபடியே அடித்தாள்.

வாங்க! வாசல்லயே நின்னா எப்படி, உள்ள வாங்க. கண்ணுல என்ன தொந்தரவுன்னாலும் கூச்சப்படாம சொல்லுங்க. உங்களுக்காகத்தான் காத்துட்டிருக்கேன்.

"அட, ஆள் பேசற மாதிரியே இருக்கு!" என்றார் முதலாளி. "டிகிரி மூஞ்சியையும் பக்கத்துல போட்டுடு தம்பி. கண்ணாடி மாட்டினா கொஞ்சம் பார்க்கற மாதிரிதான் இருக்கா."

அவளைக் கேட்கவில்லை. இதையெல்லாம் யாரும் கேட்பதில்லை.

மெசேஜ் போக ஆரம்பித்த வாரத்திலேயே பதில்கள் கொட்டின. காத்துட்டிருக்கேன் என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு ஆம்பளைகள் தொங்கினார்கள். சாப்டியா என்றான் ஒருவன். எத்தனை மணி வரைக்கும் காத்துட்டிருப்பே என்றான் இன்னொருவன். ஒருவன் தன் கண்ணையே கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பி, இதுக்குள்ள நீ தெரியறியா பாரு என்று கேட்டிருந்தான். அந்தக் கண்ணில் பீளை இருந்தது. நேரிலேயே ஒருவன் வந்துவிட்டான். தலையில் எண்ணெய் வழிய, சட்டையில் சென்ட் மணக்க, "வரச் சொன்னீங்களே, வந்துட்டேன்" என்று சோதனை நாற்காலியில் உட்கார்ந்து எழுந்திருக்க மாட்டேன் என்றான். முதலாளி அவன் தலையில் இரண்டு ஃப்ரேமைக் கட்டித்தான் அனுப்பினார். "பார்த்தியா, வியாபாரம்!" என்று அவளிடம் கண்ணடித்தார்.

இதற்குள் பேஜ்காரனும் அவளும் ஒன்றாக டீ குடிக்கும் அளவுக்கு வந்திருந்தார்கள். அவன் அவளை டிகிரி என்று கூப்பிட்டதில்லை. "இந்தாம்மா எழுத்தாளர்" என்பான். சொல்லிவிட்டு லேப்டாப்பை நீட்டுவான். டயர் கடைக்கு ஒன்று வேண்டும், பெயிண்ட் கடைக்கு ஒன்று, பல் ஆஸ்பத்திரிக்கு ஒன்று. பல் ஆஸ்பத்திரிக்கு அவள் எழுதினாள்: பயப்படாம வாங்க, இங்க வாயைத் திறக்கவே வேண்டாம், மெசேஜ் போட்டாப் போதும். பல் டாக்டர் தன் பெண்டாட்டிக்கு அதைப் படித்துக் காட்டினாராம். பஸ்ஸில் நின்றுகொண்டு எழுதினாள், சாப்பாட்டு இடைவேளையில் ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டு மறு கையால் எழுதினாள். காசு கேட்டதில்லை. "நம்ம ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தானே சம்பாதிக்கறேன்" என்று அவன் சொல்லியிருந்தான். அந்த "நம்ம" அவளுக்குப் போதுமானதாக இருந்தது. படித்த முட்டாளுக்கு அவ்வளவுதான் விலை.

ஆம்பளைகளின் பதில்களை அவனும் படிப்பான். படிக்கப் படிக்க முகம் சுண்டும். ஒருநாள் டீக்கடை பெஞ்சிலேயே லேப்டாப்பைத் திறந்தான்.

"அண்ணான்னு ஒரு வார்த்தை போட்டுடுவோம். எவனும் வாலாட்ட மாட்டான்."

"பொம்பளைங்களும்தானே ஃபாலோ பண்றாங்க? அவங்களையும் அண்ணாம்பேனா?"

"அக்காங்க சிரிச்சுட்டுப் போயிடுவாங்க. வேலி வேண்டியது அண்ணனுங்களுக்குத்தான்."

"அதுக்கு என் போட்டோவை எடுத்துடலாமே?"

"அதை எடுத்தா உங்க ஓனர் என்னை எடுத்துடுவாரு."

சொல்லிக்கொண்டே அவன் விரல் அடித்தது. வாங்கண்ணா என்று மாற்றினான். அதோடு விட்டானா? "உங்க தங்கச்சிதான் பேசறேன்" என்று நடுவில் ஒரு வரி சொருகினான். பொம்பளைக் குரலில் அதை இழுத்து இழுத்துப் படித்தும் காட்டினான். அவளுக்கு டீ புரையேறிவிட்டது. அடுத்த நாளே ஓய்வுபெற்ற ஒரு தலைமையாசிரியை, என்னை அண்ணா என்று அழைத்த மூடர் யார் என்று கேட்டு எழுதியிருந்தார். அதை வைத்து ரொம்ப நாள் சிரித்தார்கள்.

நாலு தெருவில் கிளை போட்டிருந்த மருந்துக் கடைக்காரர்தான் அவனுக்கு மாட்டாத பெரிய மீன். பல தடவை போய் வாசலிலேயே திரும்பியவன், "இதுக்கு மட்டும் உசிரைக் கொடுத்து எழுது" என்று கெஞ்சினான். கொடுத்தாள். உடம்பு முடியாதப்ப யார்கிட்டயும் பேசப் பிடிக்காது, தெரியும். பேச வேண்டாம். சீட்டை மட்டும் படம் எடுத்து அனுப்புங்க, மீதியை நாங்க பார்த்துக்கறோம், படுத்துக்கோங்க. அம்மாவுக்குக் காய்ச்சல் வந்து கிடந்த நாளில், பக்கத்திலேயே உட்கார்ந்து எழுதியது அது. மருந்துக் கடைக்காரர் மடங்கிவிட்டார். பேஜ்காரன் அன்று அவளுக்கு இரண்டு டீ வாங்கிக் கொடுத்தான்.

கல்யாணப் பேச்சை எடுத்தவன் அவன்தான். "எங்கம்மா கொஞ்சம் முரண்டு பிடிக்கறாங்க. உங்கப்பா வேலையைச் சொன்னா முகத்தைத் திருப்பிக்கறாங்க. ஆனா வரேன்னுட்டாங்க" என்றான். இதைக் கேட்டதிலிருந்து அவள் வீட்டில் யாருக்கும் கால் தரையில் நிற்கவில்லை.

வீடு என்பது வண்டி ரிப்பேர் பட்டறைக்கு மேலே இரண்டு அறை. கீழே எஞ்சினை முறுக்கினால் மேலே தட்டு குலுங்கும். பட்டறையிலிருந்தே இரண்டு நாற்காலி கடன் வாங்கி, கிரீஸ் கறை போகும்வரை அம்மா தேய்த்தாள். ஆபீஸ் ஆபீஸாகத் தரை துடைக்கிறவளுக்குக் கறை ஒரு பொருட்டா? அப்பா முழுக்கைச் சட்டை போட்டு, மூட்டை தூக்கித் தூக்கித் தோளில் காய்த்த காய்ப்பு தெரியாமல் காலர் பொத்தான்வரை பூட்டிக்கொண்டார். மூச்சு முட்டுகிற மாதிரி உட்கார்ந்திருந்தார்.

பேஜ்காரனின் அம்மா வந்தாள். கைக்குட்டையால் நாற்காலியை ஒருதரம் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள். கொடுத்த டீயைத் தொடவில்லை. ஃப்ரேமுக்கு விலை கேட்கிறவள்போல டிகிரியை மேலும் கீழும் பார்த்தாள்.

"பொண்ணு லட்சணமாத்தான் இருக்கா. படிச்சிருக்கா. வேலைக்குப் போறா. குறை சொல்ல ஒண்ணுமில்ல. ஆனா ஒரே ஒரு விஷயம் என் மனசை அறுத்துட்டே இருக்கு."

"சொல்லுங்கம்மா" என்றார் அப்பா, நாற்காலி நுனிக்கு நகர்ந்து.

அவள் கைப்பையிலிருந்து ஒரு போனை எடுத்தாள். "இது என் பையனோட பழைய போன். அவன் கணக்கு இன்னும் இதுலதான் இருக்கு. வரப்போற மருமக வேலை பார்க்கற கடையாச்சேன்னு ஆசையா அந்தப் பக்கத்தைத் தேடிப் போனேன். போன உடனே வந்துச்சு பாருங்க." போனைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து, தீர்ப்பு வாசிப்பதுபோல் நிறுத்தி நிறுத்திப் படித்தாள். "வாங்கண்ணா. வாசல்லயே நின்னா எப்படி, உள்ள வாங்க. உங்க தங்கச்சிதான் பேசறேன்."

டிகிரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த இடத்தில் வந்திருக்கக் கூடாதது அதுதான்.

"அத்தை, அது மிஷின். யாரு வந்தாலும் அதையேதான் சொல்லும்."

"கட்டிக்கப் போறவனை அண்ணான்னு கூப்பிட்டுட்டு சிரிப்பு வேறயா?"

"நான் கூப்பிடலைங்க."

"போட்டோ யாரோடது?"

"என்னோடது."

"பேச்சு யாரோடது?"

"எழுதினது நான்தான், ஆனா அந்த அண்ணாவை..."

"அப்புறம் என்ன மிஷின், மண்ணாங்கட்டி? போட்டோ உன்னுது, பேச்சு உன்னுது, அண்ணா மட்டும் மிஷினோடதா?"

டிகிரி அவனைப் பார்த்தாள். அவன் தன் ஷூவைப் பார்த்தான். கழற்றாமலே உள்ளே வந்திருந்தான்.

"உங்கம்மாகிட்ட நீயே சொல்லு. அந்த வார்த்தையை வெச்சது யாரு?"

அவன் ஷூ நுனியைத் தரையில் தேய்த்தான்.

"டீக்கடை பெஞ்சுல உக்காந்து டைப் பண்ணினது யாரு? வாய்க்கு என்ன பூட்டா போட்டிருக்கு?"

"பிசினஸுக்காக எப்பவோ போட்டது" என்றான் அவன் ஷூவிடம். "யாரு போட்டாங்கன்னு இப்ப ஞாபகம் இல்ல." பிறகு, தன் குரல் தனக்கே பிடிக்காதவன்போல் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அம்மாவுக்கும் மனசுன்னு ஒண்ணு இருக்குல்ல" என்றான்.

தினம் அந்த மிஷினை விற்றுப் பிழைக்கிறவன். சாவி போட்டு முடுக்கியவனே, அது தானாகப் பேசும் என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன் என்கிறான். அதைவிடக் கொடுமை அடுத்து நடந்தது. அப்பா எழுந்தார். இரண்டு கையையும் குவித்தார்.

"தெரியாம நடந்துடுச்சுங்கம்மா. சின்னப் பொண்ணு. மன்னிச்சுக்கோங்க. வேணும்னா அந்த மிஷினையே மன்னிப்பு கேக்கச் சொல்லிடலாங்க."

யாரும் சிரிக்கவில்லை. அத்தனை வருஷம் மூட்டை சுமந்து, மகளை எவர் முன்னாலும் குனியாமல் நிற்க வைக்கப் படிக்க வைத்த மனுஷன், ஒரு போன் முன்னால் குனிந்து நின்றார்.

"ஐயையோ, மன்னிப்பெல்லாம் எதுக்கு?" என்றாள் பேஜ்காரனின் அம்மா, இப்போது தேனாக. "தங்கச்சின்னு ஒரு தடவை வாயில வந்துட்டா தங்கச்சிதான். எனக்குப் பொண்ணு இல்லாத குறை தீந்துச்சுன்னு வெச்சுக்கறேன். உங்களுக்கு ஏத்த மாதிரி இடம் ஏதாவது வந்தா நானே சொல்லி அனுப்பறேன்."

போனை அப்பாவிடம் நீட்டி, "நீங்களே கண்ணால பாத்துக்கோங்க" என்றாள். அவர் பயந்துபோய்த் தொட்டார். படம் பெரிதாகி, டிகிரியின் மூக்கு மட்டும் திரை முழுக்க நின்றது. அவசரமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வாசலில் அவன், "அப்ப வரேன்" என்றான், பொதுவாகச் சுவரைப் பார்த்து.

"போங்கண்ணா" என்றாள் டிகிரி.

அவன் படியில் ஒரு கணம் தடுமாறினான். அவன் அம்மா திரும்பிப் பார்க்கவேயில்லை. அவர்கள் தெருமுனை திரும்பியதும் அம்மா இவள் தலையில் ஒரு குட்டு வைத்தாள். "நீ சிரிச்சிருக்கக் கூடாதுடி. சிரிச்சதுலதான் எல்லாம் போச்சு." அப்பா காலர் பொத்தானைக் கழற்ற வராமல் வெகுநேரம் அதனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரமே விஷயத்தை உடைத்தவர் முதலாளி. லென்ஸ் பெட்டியைப் பிரித்துக்கொண்டே, வெயில் மழை பேசுவதுபோல் பேசினார்.

"உன் பேஜ்காரனுக்கு அடிச்சுது யோகம். மருந்துக் கடைக்காரர் பொண்ணையே கொடுக்கறாராம். அந்தப் பொண்ணு இவன் எழுதினதைப் படிச்சுட்டு, எழுதின ஆள் யாருன்னு அப்பாகிட்ட கேட்டாளாம். அப்படி ஆரம்பிச்சதாம். பேச்சு முடிஞ்சு மாசமாச்சு. உனக்குத் தெரியாதா?"

டிகிரி கையிலிருந்த ஃப்ரேமின் காதை மடக்கினாள், விரித்தாள், மடக்கினாள். மாசமாச்சு. அப்படியானால் நாற்காலியைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு உட்கார்ந்தபோதே எல்லாம் முடிந்த கதை. அப்போதுதான் அவளுக்கு அப்பாவின் விரல் ஞாபகம் வந்தது. தொட்டதும் திரையில் மூக்கு பெரிதானதே. மெசேஜைத் தொட்டால் அப்படிப் பெரிதாகாது. அந்த அம்மா காட்டியது மெசேஜ் இல்லை, மெசேஜைப் பிடித்து வைத்த படம். போனில் அப்படிப் படம் பிடிக்க அந்த அம்மாவுக்குத் தெரியாது. "ஒரு கால் எடுக்கவே எங்கம்மாவுக்கு நான் வேணும்" என்று அவனே எத்தனையோ தடவை அலுத்துக்கொண்டிருக்கிறான். படம் பிடித்தவன் அவன். தாயின் கையில் கொடுத்து, என்ன பேச வேண்டும் என்று சொல்லிக்கொடுத்துக் கூட்டிவந்தவன் அவன். வேலி போட்டவனே அதைப் பிடுங்கி அவள் கழுத்தில் சொருகியிருக்கிறான்.

கூப்பிட்டாள். எடுக்கவில்லை. அவள் எண்ணை அடைத்து வைத்திருந்தான். அவன் தொழிலுக்கென்று வைத்திருக்கும் பக்கத்தில் போய், நீதானே படம் எடுத்துக் கொடுத்தே என்று எழுதினாள். அந்த நொடியே பதில் வந்தது.

வாங்க வாங்க! நல்ல நேரத்துலதான் வந்திருக்கீங்க. மனசுல இருக்கறதைக் கொட்டுங்க, காது கொடுத்துக் கேக்கறோம்.

பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு அவள் எழுதிக் கொடுத்த வரி. காது கொடுத்துக் கேக்கறேன் என்றுதான் முதலில் எழுதியிருந்தாள். "கேக்கறோம்னு போடு, நம்ம ரெண்டு பேரும்தானே" என்று அவன் மாற்றச் சொன்னான்.

மறுபடி எழுதினாள். நாய், என்று ஒரே வார்த்தை. மறுபடி வந்தது: வாங்க வாங்க! நல்ல நேரத்துலதான் வந்திருக்கீங்க.

முதலாளியிடம் போய், பக்கத்திலிருந்து தன் போட்டோவை எடுக்கச் சொன்னாள். "அவன் வேற, தொழில் வேற" என்றார் அவர். "உன் மூஞ்சியைப் பார்த்து நாலு பேர் உள்ள வர்றான். அதை எடுத்துட்டு என் மூஞ்சியைப் போட்டா வர்றவனும் ஓடிடுவான். கல்யாணம் தட்டிப்போன கோபத்தைக் கடை மேல காட்டாதே."

கடைப் பக்கத்தின் அறிவிப்பில் அந்தப் பேர் தெரிந்தது ஒரு காலையில். மருந்துக் கடைக்காரரின் மகள் கண்ணாடிக் கடையை ஃபாலோ பண்ணியிருந்தாள். கட்டிக்கப் போகிறவன் பார்க்கும் பக்கங்களையெல்லாம் வரிசையாகப் பிடித்திருப்பாள்போல. மிஷின் தன் கடமையைச் செய்துவிட்டிருந்தது. வாங்கண்ணா, வாசல்லயே நின்னா எப்படி. பக்கத்தில் கண்ணாடி மாட்டிய டிகிரி பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அதற்குக் கீழேயே டிகிரி எழுதினாள்.

மேலே வந்தது மிஷின். இது மிஷின் இல்லை. போட்டோவில் இருக்கும் பெண் தன் கையால் எழுதுவது. நீங்கள் கட்டிக்கப் போகிறவர் என்னைக் கட்டிக்கிறேன் என்று சொன்னவர். அந்த அண்ணாவை வைத்தது அவர். அதையே காரணமாகக் காட்டி எங்கள் வீட்டில் வந்து முறித்ததும் அவர். உங்கள் மருந்துக் கடைக்கு எழுதியது நான். கேட்டுப் பாருங்கள். என்னை நம்ப வேண்டாம், அவர் முகத்தைப் பாருங்கள். போதும்.

அனுப்பிவிட்டு லென்ஸ் அறையில் போய் நின்றாள். ஆசை ஒன்றுதான். அவன் திரும்பி வரவேண்டும் என்பதில்லை, அந்த எச்சில் யாருக்கு வேண்டும்? அண்ணா என்று சொன்னது அவள் இல்லை என்று உலகத்தில் ஒரே ஒரு ஜீவன் ஒப்புக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான். அப்பாவிடம் போய்ச் சொல்லலாம், பாருங்கப்பா, நீங்க கும்பிட்டிருக்க வேண்டாம் என்று.

பதில் சாயங்காலம் வந்தது.

ரொம்ப அழகா எழுதியிருக்கு! இப்பல்லாம் மிஷின் இவ்வளவு நல்லாப் பேசுதா? அவர்கிட்ட சொல்றேன், சந்தோஷப்படுவார்.

கூடவே சிரிக்கிற மஞ்சள் மூஞ்சி ஒன்று.

டிகிரி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மிஷின் சொன்னதை அவள் சொன்னதாக்கினார்கள். அவள் சொன்னதை மிஷின் சொன்னதாக்கிவிட்டார்கள்.

கல்யாணத்துக்குச் சில நாள் முன்னால் அந்தப் பெண் கடைக்கே வந்தாள், தனியாக. தடிமனான கண்ணாடி. அதற்குப் பின்னால் கண் சின்னதாக, உள்வாங்கித் தெரிந்தது. முதலாளி கைகூப்பி உள்ளே அழைத்தார். "கல்யாணப் பொண்ணு! டிகிரி, நல்லா மெல்லிசு லென்ஸாப் பாரு. நம்ம தம்பி வீட்டு ஆளு."

சோதனை அறையில் இரண்டு பேர் மட்டும். டிகிரி அவள் மூக்கில் சட்டத்தை மாட்டினாள். சட்டத்தில் ஒரு கண்ணை மறைத்தாள். எதிர்ச் சுவரில் எழுத்துப் பலகையில் விளக்கைப் போட்டாள்.

"கடைசி வரி தெரியுதா?"

"மேல் வரியே தெரியலை." பிறகு குரலை மாற்றாமல், "மருந்துக் கடைக்கு எழுதினது நீங்கதானா?" என்று கேட்டாள்.

டிகிரியின் கையில் லென்ஸ் நின்றது. "எழுதியிருந்தேனே, படிக்கலையா?"

"படிச்சேன். நேர்ல ஒரு தடவை கேட்டுக்கலாம்னு. அந்த எழுத்துக்கும் அவர் பேசறதுக்கும் எனக்கு ஒட்டவே இல்ல. முடியாதவங்களைப் படுத்துக்கோங்கன்னு சொல்ற ஆளு, எங்க கடை ஏணியிலேருந்து ஒருத்தர் விழுந்தப்ப, விளம்பரத்துக்கு நேரமாகுதுன்னு வாட்ச்சைப் பார்த்தாரு. அப்பவே நினைச்சேன்."

"அப்ப நான் மிஷின் இல்லன்னு தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சுகிட்டேவா மஞ்ச மூஞ்சி அனுப்பினீங்க?"

அந்தப் பெண் கனமான சட்டத்தோடு தலையை ஆட்ட முடியாமல் நேராகவே உட்கார்ந்திருந்தாள். "பத்திரிகை கொடுத்தாச்சு. எங்கப்பா கூப்பிடாத ஆளு இல்ல. இதுக்கு முன்னாடி ரெண்டு இடம் என் கண்ணாடியைப் பார்த்துட்டுப் போனது. மனுஷி எழுதினான்னு வெச்சுக்கிட்டா நான் ஏதாவது செஞ்சாகணும். மிஷின்னு வெச்சுக்கிட்டா ஒண்ணும் செய்ய வேண்டாம். நீங்களே சொல்லுங்க, எது வசதி?"

"உங்களுக்கு வசதி. எங்கப்பா கும்பிட்டாரு அந்தம்மாவை."

"அதுக்கு நான் என்ன பண்ண? அடுத்த லென்ஸைப் போடுங்க."

போட்டாள். தப்பான லென்ஸை எழுதிக் கொடுத்தால் என்ன என்று ஒரு நினைப்பு ஓடியது. கல்யாண மேடையில் மாப்பிள்ளை இரண்டாகத் தெரிவான். ஆனால் கை சரியான லென்ஸைத்தான் எடுத்தது. கைக்குப் புத்தி இல்லை.

"இது தெளிவா, அது தெளிவா?"

"இது." பெண் கடைசி வரியைத் தடங்கலில்லாமல் படித்தாள். பிறகு சட்டத்துக்குள்ளிருந்தே டிகிரியை முதல்தடவையாக நன்றாகப் பார்த்தாள். "இன்னொண்ணு. கல்யாணத்துக்கு அப்புறமும் எழுதிக் கொடுக்கணும் நீங்க. அவருக்கு வராது, தொழில் படுத்துடும். சும்மா இல்ல, நான் சொல்லிச் சம்பளம் போடச் சொல்றேன். வெளியில உங்க பேர் வராம பார்த்துக்கறேன்."

நல்லது செய்கிற முகம். நிஜமாகவே நல்லது செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டு கேட்கிற முகம். டிகிரி சட்டத்தைக் கழற்றினாள். அந்த முகம் மறுபடி மங்கலைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கியது.

"எனக்கும் இனிமே வராது" என்றாள். "அவருக்கு வராதுன்னு தெரிஞ்சே கட்டிக்கறீங்கல்ல, நீங்களே எழுதிக் கொடுங்க அண்ணி."

அண்ணி என்ற சொல் போய் விழுந்த இடத்தை நின்று பார்த்தாள். அந்தப் பெண் தன் கண்ணாடியைத் தடவி எடுத்து மாட்டினாள். கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். முதலாளி வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்து, "என்ன சொன்னே அவகிட்ட? மூஞ்சியே சரியில்ல" என்றார்.

"பவர் சொன்னேன்."

கதவு மறுபடி திறந்தது. வழுக்கைத் தலையும் கையில் போனுமாக ஒரு பெரியவர். கடையைச் சுற்றிப் பார்த்தார், போனைப் பார்த்தார், டிகிரியின் முகத்தைப் பார்த்து மலர்ந்தார். அவள் நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர் நின்றார், நின்றுகொண்டே இருந்தார்.

"என்னம்மா இது? போன்ல வாங்கண்ணா, வாசல்லயே நிக்காதீங்கன்னு அந்த உருகு உருகினே. நேர்ல வந்து நிக்கறேன், வான்னுகூடச் சொல்ல மாட்டேங்கறே?"

"அது மிஷின்" என்றாள் டிகிரி. "உக்காருங்க."